வரவு நின்ற வாய்க்கால்

நாள் 211 — 07:10
வழக்கமான அளவீடு

இடம்: என்சலடஸ், சனியின் நிலா. பனிக்கூரைக்கு அடியில் வாய்க்கால் நிலையம். எழுதுவது: செல்மா மச்சாது, பாய்ம இயக்க ஆய்வாளர். ஆட்கள்: இரண்டு பேர். இருவரும் நலம். இருவருக்கும் ரவை உப்புமா அலுத்துவிட்டது.

மாதம் ஒரு முறை நிலையத்தின் விவரத்தை முதலிலிருந்து எழுத வேண்டும் என்பது விதி. யாராவது பிற்பாடு கண்டெடுத்தால் புரிய வேண்டுமாம். எழுதிவிடுகிறேன்.

வாய்க்கால் என்பது நாங்கள் வைத்த பெயர். பனிக்குள் நீளும் ஒரு குழாய்க் குகை. லாரி தாராளமாகப் போகலாம். சுவர் முழுக்க வழவழவென்று சாம்பல் நிறப் படலம். அதைத் ‘தாதுக் கசடு’ என்று அறிக்கையில் எழுதியிருக்கிறோம். உள்ளே தெளிந்த உப்பு நீர். ஏழு மணி நேரம் ஒரு திசையில் ஓடும், சில நிமிடம் நிற்கும், பிறகு ஏழு மணி நேரம் திரும்பி ஓடும். போவது போக்கு, திரும்புவது வரவு. சனி இழுப்பதால் உண்டாகும் ஏற்றவற்றம் இது என்று பூமியில் தீர்மானித்துவிட்டார்கள். நிலையத்துக்கு வெளியே அந்த ஓட்டத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. எங்கள் மின்சாரம் அதிலிருந்துதான்.

என் படிப்பு உடம்புக்குள் ஓடும் திரவங்களைப் பற்றியது. ரத்தம், நிணநீர், மரத்தில் ஏறும் நீர். அப்படிப்பட்டவளைப் பனி வாய்க்காலை அளக்க அனுப்பினார்கள். ஏன் என்று கேட்டேன். ‘ஓட்டம் எல்லாம் ஓட்டம்தானே’ என்றார்கள்.

தெளிந்த நீரில் ஓட்டம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தினமும் காலையில் வெள்ளி பூசிய கண்ணாடித் தூளைக் கலந்துவிடுவோம். லேசர் வெளிச்சத்தில் தூள் மின்னும். கேமரா அதைப் பின்தொடரும். இன்றும் கலந்தாயிற்று. வேகம் விநாடிக்கு அரை மீட்டர்.

கொம்பையா எட்டு மணிக்குப் புறப்படுகிறான். எந்திரப் பொறியாளர், ஏரல்காரன், என்னைவிட நான்கு வயது இளையவன். ஒரே ஆள் உட்காரும் எங்கள் சின்ன நீர்மூழ்கியில் போக்கோடு ஒன்பது கிலோமீட்டர் போய், வளைவில் ஓர் அளவியைப் பொருத்திவிட்டு, வரவோடு திரும்புவான். நீர்மூழ்கிக்கு ஆமை என்று பெயர். அதன் மோட்டார் திரும்புவதற்கும் நிற்பதற்கும்தான் போதும். தூரம் போக ஓட்டம்தான் வேண்டும். காற்று இரண்டு நாளுக்கு இருக்கிறது. இருக்கிற ஒரே வெளியுடையையும் அவன் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நாள் 211 — 13:25
ஆமை வளைவில்

ஒலிபேசியில் பதிவானது:

“யக்கா, வந்து சேந்துட்டேன். அளவிய மாட்டியாச்சு. இங்கன தண்ணி ஒரு மாதிரியா இருக்கு, கேட்டியளா? சோறு வடிச்ச கஞ்சி மாதிரி. விளக்கு போட்டா நூல் நூலா தெரியுது.”

“எலே, கண்ணாடியத் தொடைச்சிட்டுப் பாரு.”

“தொடைச்சாச்சு. சுவரு வேற உள்ள பக்கமா வீங்கிக் கெடக்கு. நான் கிட்டத்துல போனா லேசா சுருங்குத மாதிரி இருக்கு.”

“உப்புமா சாப்பிடாம போனா அப்படித்தான் தெரியும்.”

பனி நகர்ந்திருக்கும் என்று குறித்துக்கொண்டேன். வரவு இரண்டு மணி வாக்கில் ஆரம்பிக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான்.

நாள் 211 — 20:15
வரவு சரியாக இல்லை

போக்கு நின்றபின் வரவு ஆரம்பிக்க வழக்கமாகச் சில நிமிடம்தான் ஆகும். இன்று முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்ததும் ஒழுங்காக வரவில்லை, வேகம் கால்வாசி. ஆமை வளைவை விட்டு நகரவே இல்லை. அந்த நூல்கள் விசிறியில் சுற்றிக்கொண்டன, மோட்டார் போயிற்று.

கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் ஏழு மாத அளவீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இந்த நிலா சனியைச் சுற்ற முப்பத்துமூன்று மணி நேரம் ஆகும். எங்கள் ஓட்டம் போய்த் திரும்பப் பதினான்கு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது முன்பே தெரியும். தெரிந்தும் ‘ஒத்ததிர்வாக இருக்கலாம்’ என்று எழுதி அனுப்பினோம். இன்று வேறொன்றையும் பார்த்தேன். ஓட்டம் ஒரே சீராக இல்லை. அதற்குள் சின்னச் சின்ன உந்தல்கள் இருக்கின்றன. ஒவ்வோர் உந்தலுக்கும் குழாய் ஒரு விரல்கடை விரிந்து சுருங்குகிறது. பாறையோ பனியோ அப்படி விரியாது. நிலையத்தின் வெந்நீர் வெளியேறும் இடத்தில் சுவர் இழுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்து, ‘விரிசல்’ என்று எழுதியிருக்கிறோம்.

தூத்துக்குடியில் படிக்கும்போது, பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும், தொட்டால் தண்ணீர் பீய்ச்சும் ஒரு கடல்பிராணியை அறுத்துப் பார்த்திருக்கிறேன். அதன் இதயம் கொஞ்ச நேரம் ஒரு பக்கம் தள்ளும். நிற்கும். பிறகு மறுபக்கம் தள்ளும். பூமியில் வெகு அபூர்வமான விசித்திரம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன்.

இது வாய்க்கால் இல்லை. நாளம். நாங்கள் ஓர் உயிரின் ரத்தத்துக்குள் குடியிருக்கிறோம்.

கூச்சல் போட்டேன். வெட்கம் இல்லாமல் குதித்தேன். இத்தனை தலைமுறையாக மனிதன் வானத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்குப் பதில், என் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கொம்பையாவிடம் சொன்னேன்.

“அப்ப நான் யாரு வயித்துக்குள்ளக்கா இருக்கேன்?”

“வயிறு இல்லலே. ரத்தக்குழாய்.”

“அது சரி. ரெண்டுக்கும் வெளிய வார வழி ஒண்ணுதானா?”

சிரித்தோம். பூமிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

நாள் 212 — 06:00
தூள்

சிரித்திருக்கக் கூடாது.

சன்னலோரக் குழாயிலிருந்து மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். ஒவ்வொரு கண்ணாடி மணியைச் சுற்றியும் நூல். மணியிலிருந்து மணிக்கு நூல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னிக்கொள்கிறது.

கண்ணாடியில் பட்டால் ரத்தம் உறையும். தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் எங்கள் தொழிலில் உயிருக்குள் யாரும் தூள் போடமாட்டோம். ரத்தக்குழாயைப் போல ஒரு பிளாஸ்டிக் குழாய் செய்து, ரத்தம் போலக் கிளிசரின் கலந்த நீரை ஓட்டி, அதில்தான் தூள் போடுவோம். இருபது வருடம் மாதிரிக் குழாய்களோடு வாழ்ந்து பழகிய கை. இதையும் ஒரு மாதிரிக் குழாய் என்று எடுத்துக்கொண்டு, ஏழு மாதம், ஒரு காலைகூட விடாமல், உயிருள்ள ஒன்றின் ரத்தத்தில் கண்ணாடியைக் கொட்டியிருக்கிறோம்.

ஓட்டம் மெதுவாகும் இடத்தில் தூள் தங்கும். வளைவின் உட்புறத்தில் மெதுவாகும். கொம்பையா இருப்பது வளைவின் உட்புறத்தில்.

அவனிடம் மறைக்கவில்லை.

“கஞ்சி இப்ப கூழாயிட்டுக்கா. சன்னல்ல அப்பிக் கெடக்கு. கைய வச்சுத் தள்ளுத மாதிரி இருக்கு.”

நாள் 212 — 09:20
பூமியிலிருந்து வந்த செய்தி, முழுதாக

“முனைவர் மச்சாது, பொறியாளர் கொம்பையா இருவருக்கும் மனமார்ந்த வாழ்த்துகள். இது வரலாற்றுச் சிறப்புமிக்க நாள். உயர்மட்டக் குழு நாளை மறுநாள் கூடுகிறது. அதுவரை களத்தில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். உயிரினத்துக்கு இடையூறு நேராமல் பார்த்துக்கொள்ளவும். தயவுசெய்து இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று அனுப்பவும்.”

நாளை மறுநாள் அவனுக்குக் காற்று இருக்காது.

திட்டுவதற்குக்கூட எனக்கு நேரமில்லை. திட்டினால் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

நாள் 212 — 11:05
எலுமிச்சை உப்பு

குழாய்களில் படியும் உப்பைக் கரைக்க எங்களிடம் எலுமிச்சை உப்பு மூட்டை மூட்டையாக இருக்கிறது. ரத்தம் உறையாமல் வைக்கப் பரிசோதனைக் குப்பிகளில் சேர்ப்பதும் அந்த வகைதான். மாதிரியில் ஒரு சிட்டிகை போட்டேன். நூல்கள் இளகிப் பிரிந்தன.

சிக்கல் இதுதான். உறைந்தது முழுதாகக் கரைந்தால் நல்லது. பாதி கரைந்து கட்டியாக உடைந்தால், அந்தக் கட்டி ஓட்டத்தோடு போகும். போய், எது இந்த ரத்தத்தைத் தள்ளுகிறதோ அங்கே அடைக்கும். மனிதர்களும் இப்படித்தான் சாகிறார்கள், நடந்துகொண்டே இருக்கும்போது. தள்ளுவது நின்றால் வரவும் நிற்கும். அவனும் வரமுடியாது.

கொட்டாவிட்டால் அவன் கூழுக்குள் சாவான். அது உறுதி.

இதை ஒரு குழுவிடம் கேட்கவில்லை. அவனிடம் கேட்டேன்.

“கொட்டுங்கக்கா. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“அது செத்துப்போனாலும் போகலாம், கொம்பையா. நாம கண்டுபிடிச்ச ஒரே உசுரு.”

“எனக்கும் ஒரே உசுருதான இருக்கு.”

போக்கு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. பதினோரு மூட்டையையும் பிரித்துக் கொட்டிவிட்டேன். வளைவுக்குப் போய்ச்சேரச் சாயங்காலம் ஆகும்.

நாள் 212 — 18:40
நகர்கிறது

“யக்கா! சன்னல் தெளியுது. கட்டி கட்டியா பேந்து போவுது. ஒண்ணு ஆமைய விடப் பெருசு, அந்தால போயிட்டு.”

போயிட்டு. போக்கின் திசையில், அந்தப் பக்கம். நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

சற்றுமுன் வரவு ஆரம்பித்தது. நல்ல வேகம். பழைய வேகம். ஆமை அதோடு வருகிறது. எட்டரை கிலோமீட்டர்.

நாள் 212 — 21:30

மூன்றேகால் கிலோமீட்டர். சக்கரம் சுழல்கிறது, மின்கலம் நிறைகிறது. அவன் பசிக்கிறது என்கிறான். உப்புமாவைச் சுடவைக்கிறேன் என்றேன். “இங்கனயே இருந்துக்கிடுதேன்” என்றான்.

எனக்குச் சாமி நம்பிக்கை போய் வெகுநாள் ஆகிறது. இருந்தாலும் கை தன்னால் சிலுவை போட்டது.

நாள் 212 — 22:50
நின்றது

22:31-க்கு ஓர் உந்தல் தவறியது. பிறகு இரண்டு சேர்ந்து வந்தன. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுவர் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. நிலையம் அதிர்ந்து அலமாரியிலிருந்து பாத்திரம் விழுந்தது. அதற்குப்பின் ஓட்டம் இல்லை. சக்கரம் நின்றுவிட்டது.

அந்தக் கட்டி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எத்தனை கோடி வருடமாக அது இந்த இருட்டில் தள்ளிக்கொண்டும் திரும்பத் தள்ளிக்கொண்டும் இருந்ததோ. நாங்கள் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அழுதேன், அதற்காகவும் சேர்த்துத்தான். அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

ஆமை ஆயிரத்து முந்நூறு மீட்டரில் நிற்கிறது. நிலையத்தின் விளக்கு அவனுக்குப் புள்ளியாகத் தெரிகிறதாம்.

“நடந்து வந்திருவேன், தூரம்னு பாத்தா. ரேஷன் கடைக்கு இதவிட தூரம் போயிருக்கேன்.”

வெளியுடையில் காற்று அரை மணிக்குத்தான் வரும். நீந்தினால் பாதியில் முடிந்துவிடும். அவனுக்கும் தெரியும்.

நாள் 213 — 00:40
அமுக்குதல்

வெந்நீர் பட்டால் சுவர் சுருங்குகிறது. இதயம் நின்றாலும் தசை உடனே சாவதில்லை. இப்போதும் சுருங்குகிறது, பார்த்துவிட்டேன்.

வால்வே இல்லாத மெத்தென்ற குழாயைக்கூட, நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக, சரியான தாளத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தால் திரவம் ஒரே திசையில் நகரும். கருவில் இருக்கும் குழந்தையின் இதயத்தில் வால்வு முளைப்பதற்கு முன் ரத்தம் அப்படித்தான் ஓடுகிறதென்று எங்கள் துறையில் ஒரு கட்சி உண்டு. நான் எதிர்க்கட்சி. அதைப்பற்றிக் காட்டமாக ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

இப்போது கட்சி மாறிவிட்டேன். வெந்நீர்க் குழாயைத் திறந்து மூட ஒரு பொத்தான். தாளம் கிடைக்க வெகுநேரம் ஆயிற்று. வேகமாக அழுத்தினால் நீர் அங்கேயே குலுங்குகிறது. மெதுவாக அழுத்தினால் போன நீர் திரும்பிவிடுகிறது. நடுவில் ஓர் இடத்தில் பிடிபட்டது.

“யக்கா, யாரோ நெஞ்சத் தட்டுத மாதிரி இருக்கு. ஆமை அசையுது. நீங்களா?”

“நான்தாம்ல.”

“அப்ப நல்லாத் தட்டுங்க.”

ஓர் அழுத்தலுக்கு ஒரு முழம் நகர்கிறான். அவ்வளவுதான். ஆனால் நகர்கிறான்.

நாள் 213 — 05:15

எழுநூறு மீட்டர்.

வெந்நீருக்கு மின்கலம் வேண்டும். எனக்கு வெப்பம் தரவும் அதே மின்கலம்தான். என் அறையின் சூட்டை அணைத்துவிட்டேன். பேனாவைக் கையுறையோடு பிடிக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல எந்திரம் எழுதிக்கொள்கிறது. அழுத்துகிற விரல் வீங்கிவிட்டது. இடது கைக்கு மாறியிருக்கிறேன்.

அவன் பேச்சு குழறுகிறது. இரண்டு நாள் காற்று என்பது உட்கார்ந்திருப்பவனுக்கான கணக்கு. விசிறியை விடுவிக்கப் போராடியதில் நிறையக் காற்றைச் செலவழித்திருக்கிறான். வெளியுடையின் அரை மணிக் காற்றையும் இப்போது திறந்துவிட்டான், இனி நீந்தி வரவும் வழியில்லை.

“யக்கா... இசக்கிமாலாகிட்ட ஒண்ணுஞ் சொல்லிராதிய. வந்து நானே சொல்லிக்கிடுதேன். நீங்க சொன்னா... பெருசாக்கிருவிய.”

அவன் மனைவி. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

நாள் 213 — 07:30

முந்நூற்று ஐம்பது. சன்னலில் அவன் விளக்கு தெரிகிறது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு முழம் முன்னால் வந்து, அரைச் சாண் பின்னால் போகிறது.

“கொம்பையா, என்னோட பேசு. தூங்காத.”

“தூங்கலக்கா... கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“இங்க வந்து சேந்ததும் மோட்டார் இல்லாட்டியும் கைச்சுக்கானப் புடிச்சு ஆமையத் திருப்பி நிலையத்து வாசல்ல பொருத்தணும். உள்ள இருந்து கொக்கிய மாட்டணும். அத நீதான் செய்யணும். வெளிய வந்து மாட்ட எனக்கு உடுப்பு இல்ல. கேக்குதா?”

“ம்.”

“ம்னு சொன்னா போதாது. திருப்பிச் சொல்லு.”

“திருப்பணும்... கொக்கி...”

நாள் 213 — நேரம் பார்க்கவில்லை

இருநூறுக்குப் பிறகு பதில் இல்லை.

பேசிக்கொண்டே அழுத்துகிறேன். ஏரலில் வெயில் எப்படியிருக்கும் என்று கேட்டேன். வைதேன். அவன் வராமல் போனால் உப்புமா முழுவதையும் நானே தின்ன வேண்டியிருக்கும் என்றேன். கெஞ்சினேன். ஏழு மாதமாக ஒரே அறையில் குறட்டை விட்டவன். எனக்கு உறவில்லை, சாதிசனம் இல்லை. அவனைவிட நெருங்கியவர் எனக்கு எந்தக் கோளிலும் கிடையாது. அவனுக்குக் காது கேட்டபோது அதை நான் சொல்லவில்லை.

மயங்கியிருக்கலாம். மயக்கத்தில் மூச்சு குறைவாகப் போகும். அது நல்லது. நல்லதுதான்.

நாள் 213 — தெரியவில்லை

சுவரின் சுருக்கம் தளர்கிறது. தசை சாகிறது. மூன்று அழுத்தலுக்கு ஒன்றுதான் பிடிக்கிறது. விரல்களில் உணர்ச்சி இல்லை. முழங்கையால் அழுத்துகிறேன்.

ஐம்பது. விளக்கு வெளிச்சம் சன்னலை நிறைத்துவிட்டது. அவன் தலை தெரிகிறது. சாய்ந்திருக்கிறது.

இருபது.

பத்து.

அடுத்தது

தட்டுகிறான்!

நிலையத்தின் சுவரில், வாயிலுக்கு இடதுபுறம், தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும். கத்தினேன். “எலே, திருப்புல! வலதுபக்கம் திருப்பு! கொக்கியப் போடு!” மறுபடி தட்டினான். உயிரோடு இருக்கிறான். வந்துவிட்டான். நான் கொண்டுவந்துவிட்டேன்.

ஆமை திரும்பவில்லை.

தட்டுவது கேட்கிறது. திரும்பவில்லை.

ஒன்று தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம்.

பொத்தானிலிருந்து முழங்கையை எடுத்தேன். காத்திருந்தேன். என் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நேரம் என்னால் முடியுமா என்று நினைக்குமளவுக்குக் காத்திருந்தேன்.

சத்தம் இல்லை.

அழுத்தினேன்.

ஆமையின் மூக்கு சுவரில் தட்டியது.

எடுத்தேன். இல்லை.

மின்கலத்தில் சிவப்பு எரிகிறது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைச் சூட்டுக்குத் திருப்பினால் குழு கூடுகிறவரை நான் இருக்கலாம்.

அழுத்துகிறேன்.

தட்டுகிறான்.

அழுத்து